கறுப்பு என்றால் திரவம்

இரவு டியூட்டியில் வந்த அந்த அம்மாவுக்கு 55 வயதிருக்கும். மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிபி 92, நாடி 130. கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன, கால்கள் லேசாக வீங்கியிருந்தன. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று கூட இருந்த இளம் டாக்டர் முடிவுகட்டி, நீரை இறக்கும் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நானும் அநேகமாக அதையேதான் நினைத்தேன்.

ஸ்கேன் மெஷின் பக்கத்துக் கட்டிலருகே சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை இழுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மார்பெலும்பின் நுனிக்குக் கீழே ஜெல்லைத் தடவி, உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபைப் படுக்கவைத்து, இதயம் இருக்கும் திசைக்குத் திருப்பினேன். திரையில் இதயம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு. இதயம் அதற்குள் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை விரிய வேண்டிய நேரத்திலும் வலது கீழறையின் சுவர் உள்ளே குழிந்தது.

அல்ட்ராசவுண்டில் கறுப்பு என்றால் திரவம். இதய உறைக்குள் நீர் நிறைந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததை அப்புறம்தான் அவருடைய மகள் சொன்னார்.

அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெருக்கப்பட்ட இதயத்துக்குள் ரத்தம் நுழைவதே பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தால்தான். நீரை இறக்கினால் அந்த அழுத்தமும் போய்விடும். பிபி இன்னும் சரிந்திருக்கும், ஏன் சரிந்தது என்று எங்களுக்குத் தெரிந்தும் இருக்காது. ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே வேறொரு நீண்ட ஊசியை உறைக்குள் செலுத்தினோம். 60 மில்லி வெளியே வந்தபோதே பிபி 110ஐத் தொட்டது. அந்த அம்மா கம்பியை விட்டுவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.

இந்த நோய்க்கு மூன்று அடையாளங்கள் என்று மாணவர் காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம்: பிபி குறைவது, கழுத்து ரத்தக்குழாய் புடைப்பது, இதயத் துடிப்பின் சத்தம் மங்குவது. பெக் என்ற அறுவை மருத்துவர் 1935இல் சொன்னது. மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். மூன்றாவதைக் கேட்கவே வழியில்லை. நாலு மானிட்டர் அலறி, இரண்டு பேர் போனில் பேசி, ஒரு குழந்தை அழும் அறையில் இதயத் துடிப்பு மங்கலா தெளிவா என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சொல்லும் காது எனக்கு இல்லை.

ரேடியாலஜி நண்பர் ஒருவர் என்னைக் கிண்டல் செய்வார். "நீ பண்றது ஸ்கேன் இல்லப்பா, எட்டிப் பாக்குறது." முதலில் கோபம் வந்தது. பிறகு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று தோன்றியது. அவர் ஒரு வயிற்றைப் பார்த்தால் கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல் என்று உறுப்பு உறுப்பாக அளந்து, படம் பிடித்து, அறிக்கை எழுதுவார். நான் ஒரே ஒரு கேள்வியோடு போவேன். இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டி நகர்கிறதா? வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா? தொடைச் சிரை அழுத்தினால் நசுங்குகிறதா? உள்ளே ரத்தம் உறைந்து கட்டியிருந்தால் அது நசுங்காது, அவ்வளவுதான் அந்தச் சோதனை. பதிலைத் தெரிந்துகொண்டதும் கட்டிலருகிலேயே அடுத்த வேலையைத் தொடங்கலாம். நோயாளி எங்கேயும் போக வேண்டியதில்லை. பிபி 70இல் இருப்பவரை லிஃப்டில் ஏற்றி இன்னொரு மாடிக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படம் எப்படி உண்டாகிறது என்பது எளிமையானது. புரோப் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடுகிறது. மென்மையான திசுவில் ஒலி விநாடிக்கு 1,540 மீட்டர் போகும் என்பது மெஷின் வைத்திருக்கும் அனுமானம். நீரிலிருந்து எதிரொலி வராது, அதனால் கறுப்பு. எலும்பு ஒலியைத் தடுத்துப் பின்னால் நிழல் போடும். காற்றோ ஒலியைச் சிதறடித்துவிடும். ஜெல் தடவுவது தோலுக்கும் புரோபுக்கும் நடுவே காற்று புகாமலிருக்கத்தான். (ஜெல் சில்லென்று இருக்கும் என்று தொடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தடவினால் வயிறு இறுகும், படமும் போகும்.)

காற்று எதிரி என்பதால் நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதைப் புரட்டிப்போட்டதில் பெரும் பங்கு பிரெஞ்சு தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைனுக்கு உண்டு. நுரையீரல் தெரியாது, சரி. ஆனால் அதன் மேலே தெரியும் பொய்யான கோடுகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதே என்று அவர் பார்த்தார். நுரையீரலில் காற்று மட்டும் இருந்தால், அதன் உறை சம இடைவெளியில் குறுக்குக் கோடுகளாகத் திரும்பத் திரும்பத் தெரியும். இவை ஏ கோடுகள். நீர் கோத்த நுரையீரலில் உறையிலிருந்து திரையின் அடிவரை டார்ச் வெளிச்சம் போல செங்குத்தாக இறங்கும் வெள்ளைக் கோடுகள். இவை பி கோடுகள். மூச்சுத்திணறலுடன் தீவிர சிகிச்சைக்கு வந்த 260 பேரை வைத்து அவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரலையும் சிரைகளையும் பார்த்தே 90.5 சதவீதம் பேருக்குக் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு இந்தக் கோடுகள் தரும் நிம்மதியைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நாற்பது வருடம் புகைபிடித்த, இதயமும் பலவீனமான பெரியவர் ஒருவர் இரைப்போடு வருகிறார். மூச்சுக்குழாய் சுருங்கியதா, நுரையீரலில் நீரா? இரண்டிலும் இரைப்பு கேட்கும். இரண்டிலும் வியர்க்கும். முன்பெல்லாம் இரண்டுக்குமே மருந்து கொடுத்துவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமலே விடிந்துவிடும். இப்போது மார்பின் இருபுறமும் புரோபை வைக்கிறேன். எங்கு வைத்தாலும் பி கோடுகள் மூன்றோ அதற்கு மேலோ என்றால் நீர். ஏ கோடுகள் மட்டும் என்றால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறேன். இரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பெரியவருக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றும் சிரமம் மட்டும்தான்.

நுரையீரல் அசைவைப் பார்ப்பது இன்னும் அழகு. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு, மூச்சு விடும்போது அதில் வரிசையாக எறும்பு ஊர்வது போல ஒரு மினுமினுப்பு. உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் விலகிவிட்டால் எறும்புகள் நின்றுவிடும். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் எக்ஸ்ரேயில் தப்பிவிடும் காற்றையும் இதில் பிடிக்கலாம். ஆனால் எறும்பு நின்றதற்குக் காற்றுதான் காரணம் என்று குதித்துவிடக் கூடாது. செயற்கைச் சுவாசக் குழாய் வலது பக்கக் கிளைக்குள் அதிகமாக இறங்கியிருந்தால் இடது நுரையீரலும் அசையாது. பழைய காசநோயில் உறை ஒட்டிக்கொண்டவருக்கும் அசையாது. அவர்களுக்குக் காற்றை வெளியேற்ற விலாக்களுக்கு நடுவே குழாய் போட்டால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி என் தவறைச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் புரோபைக் கையிலெடுத்து இரண்டு வருடமாகியிருந்த காலம். அதாவது பயம் போய், பணிவு வராத காலம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்த இருபதுகளில் இருந்த ஒரு பையன். இடது விலாவில் சிராய்ப்பு, நல்ல வலி. பிபி சரியாக இருந்தது. விபத்து நோயாளிகளுக்குச் செய்யும் வழக்கமான ஸ்கேனைச் செய்தேன்: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால், இதயத்தைச் சுற்றி, இரண்டு நுரையீரல்கள். மூன்று நிமிடத்தில் முடித்தேன். கறுப்பு எங்கும் இல்லை. சர்ஜன் போனில் கேட்டபோது, "வயித்துல ரத்தம் இல்ல சார், கிளியர்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த அந்த "இல்ல" எல்லோரையும் பிடித்துக்கொண்டது. நர்ஸ் அவனைக் கண்ணுக்கெதிரே இருந்த கட்டிலிலிருந்து ஓரத்துக்கு மாற்றினார். சி.டி. வரிசையில் அவன் பின்னுக்குப் போனான். நாடி 96இலிருந்து 112 ஆனதை வலி என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒன்றரை மணிநேரம் கழித்து, "டாக்டர், ஒரு மாதிரியா வருது" என்று அவன் சொன்னபோது முகம் வெளுத்திருந்தது. திரும்ப புரோபை வைத்தேன். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, முன்பு வெறும் வெள்ளைக் கோடு இருந்த இடத்தில், ஒரு கறுப்புப் பட்டை. மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தான்.

மறுநாள் அந்த சர்ஜன் என்னைத் திட்டவில்லை. "முதல் ஸ்கேனைப் போடு, பாப்போம்" என்றார். போட்டேன். இடது பக்கப் படத்தில் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் சுத்தமாக இருந்தது. நான் பார்த்தது அந்த இடத்தைத்தான். ஆனால் மண்ணீரலின் மேல் நுனி, உதரவிதானத்தைத் தொடும் இடம், அங்கே ஒரு விலா எலும்பின் நிழல் விழுந்திருந்தது. இடது பக்கம் ரத்தம் பெரும்பாலும் முதலில் சேர்வது அந்த மூலையில்தான். நிழலும் கறுப்பு. எலும்பு நிழல் என்று கண் அதைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை என்ற விஷயத்தையும் சேர்த்தே தள்ளிவிட்டது. "இந்த இடம் தெரியுதா?" என்று பேனாவால் தொட்டுக் கேட்டார். தெரியவில்லை. "அப்ப எனக்கு ஏன் இல்லைன்னு சொன்ன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புரோபை இன்னும் ஒரு விலா இடைவெளி மேலே, முதுகுப் பக்கமாக நகர்த்தி, பையனை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தால் அந்த மூலை தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் அங்கே ரத்தம் இருந்ததா என்பது வேறு கதை. வயிற்றுக்குள் சில நூறு மில்லி சேர்ந்த பிறகுதான் இந்த ஸ்கேனில் நம்பிச் சொல்லும்படி தெரியும். குடல் கிழிந்தால் தெரியாமல் போகும். முதுகுப் பக்கம், சிறுநீரகத்துக்குப் பின்னால் வழியும் ரத்தத்தை இது பெரும்பாலும் காட்டாது. இவையெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரிந்தவைதான், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவை. ஆனாலும் போனில் வாய் "இல்ல" என்றது.

எட்டிப் பார்ப்பவனுக்கு மூன்று பதில்கள் உண்டு. இருக்கிறது. இல்லை. தெரியவில்லை. முதலாவதைச் சொல்ல ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டாவதைச் சொல்லத் துணிச்சல் வர இரண்டு வருடம். மூன்றாவதைக் கூச்சமில்லாமல் சொல்ல அந்தப் பையன் தேவைப்பட்டான். ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை மேற்பார்வையில் செய்யச் சொல்கிறது அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல். கை பழக அது போதும். வாய் பழக எத்தனை வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

இதயம் நின்றவர்களிடம் நிலைமை வேறு. அங்கே நேரம்தான் எல்லாம். மார்பை அழுத்துவதை நிறுத்தி நாடி பார்க்க அதிகபட்சம் 10 விநாடி. அந்த இடைவெளியில் புரோபை வைத்தால், இதயம் அசைகிறதா, சுற்றி நீர் இருக்கிறதா, வலது பக்கம் உப்பியிருக்கிறதா என்று ஆர்வத்தில் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவோம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்கேன் பார்த்த இடைவெளிகள் சராசரியாக 21 விநாடி, பார்க்காதவை 13. உதவ வந்த கருவி உயிர்ப்பிக்கும் வேலையையே தாமதப்படுத்தியிருக்கிறது. எங்கள் பிரிவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அழுத்திக்கொண்டிருக்கும்போதே புரோபை இடத்தில் வைத்துவிட வேண்டும். நிறுத்தியதும் ஒருவர் சத்தமாக எண்ணுவார். நான் படத்தைப் பதிவுசெய்வேன், அவ்வளவே. எட்டில் கை விலக வேண்டும். மறுபடி அழுத்தத் தொடங்கியபின் பதிவைப் போட்டு என்ன பார்த்தோம் என்று யோசிப்போம். எண்ணும் சிஸ்டர் எட்டு என்றதும் என் மணிக்கட்டைத் தட்டிவிடுவார். அது சரியான ஏற்பாடு.

சிகிச்சைப் பக்கம் சொல்லச் சிக்கல் குறைவு, சந்தோஷம் அதிகம். கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி போட வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2002லேயே பரிந்துரைத்தது. நாலு முறை குத்தியும் நரம்பு கிடைக்காதவரின் கையில், திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும் சிரைக்குள் ஊசி முனை வெள்ளைப் புள்ளியாக நுழைவதைப் பார்ப்பது ஒரு தனி சுகம். முனையா தண்டா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஊசியின் எந்தப் பகுதியைக் குறுக்கே வெட்டினாலும் புள்ளிதான் தெரியும். முனை சிரையைத் தாண்டிப் போயிருக்கும், நாம் தண்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்போம்.

இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். 82 வயது, போர்வையை விலக்கினாலே அலறினார். மார்ஃபின் போன்ற வலி மருந்துகளைக் கூட்டினால் அந்த வயதில் மூச்சும் நினைவும் தடுமாறும். தொடை மடிப்புக்குக் கீழே, தசையின் மேலிருக்கும் மெல்லிய உறையைத் திரையில் பார்த்து, அதன் அடியில் மரத்துப்போகும் மருந்தைப் பரப்பினேன். கறுப்பாக ஒரு கண் போல விரிந்தது. அரைமணி கழித்துப் போனால் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப் போகும்போதும் எழவில்லை.

இத்தனை சொன்னாலும் இந்த மெஷின் உயிர்களைக் காப்பாற்றுகிறதா என்று எண்ணிக்கையில் கேட்டால் பதில் அவ்வளவு பளிச்சென்று இல்லை. காரணம் தெரியாமல் பிபி சரிந்து வந்தவர்களிடம் வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பிழைப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவர்களில் பலர் கிருமித் தொற்றில் வந்தவர்கள், ஸ்கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ட்ரிப், அதே ஆன்டிபயாடிக். அந்த அம்மாவைப் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் சிலரே இருப்பார்கள். நான் சார்பானவன் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

சிறுநீரகக் கல் வலியில் 2,759 பேரை வைத்து 2014இல் வெளியான பெரிய ஆய்வு எனக்குப் பிடித்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் செய்தால் ஆபத்தான நோய்கள் தவறிப்போவது கூடவில்லை, கதிர்வீச்சு குறைந்தது. அதே சமயம், அவசரப் பிரிவு மருத்துவரே ஸ்கேன் செய்த குழுவில் பத்தில் நான்கு பேருக்குப் பிறகு சி.டி.யும் தேவைப்பட்டது. இதைத் தோல்வி என்று சிலர் படிக்கிறார்கள். பத்தில் நான்கு முறை "எனக்குத் தெரியவில்லை, பெரிய படம் எடுப்போம்" என்று சொன்னவர்கள் என்று நான் படிக்கிறேன்.

போன வாரம் எங்களிடம் பயிற்சியில் இருக்கும் ஒரு டாக்டர், 67 வயதுப் பெரியவர் ஒருவருக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தார். இடது விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கல் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வயதில் முதல் முறையாகக் கல் வலி என்று வருபவரிடம் வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் வீக்கம். வெடித்தால் வலி இதே இடத்தில், இதே மாதிரி வரும். அவர் புரோபை அழுத்தி, சாய்த்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, பத்து நிமிடம் போராடினார். குடலில் வாயு. திரை முழுக்கச் சாம்பல் நிறப் பனி.

பின்னால் நின்ற நான் எதுவும் சொல்லவில்லை. அவர் புரோபைத் துடைத்து வைத்துவிட்டு, கேஸ் ஷீட்டில் எழுதினார்: பெருந்தமனி தெரியவில்லை, வாயு மறைக்கிறது, சி.டி. தேவை. கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

பெரியவர் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "என்னம்மா, இவ்ளோ நேரம் பாத்தியே, என்ன தெரிஞ்சுது?"

"இதுல எனக்குத் தெரியலங்கய்யா. பெரிய மெஷின்ல பாக்கணும்."

"சரி, வா போலாம்" என்று செருப்பைத் தேடினார்.